பேரேடும் கணிப்பொறியும்
மேனிலைப் பள்ளி மாணாக்கரின் வணிகக் கல்வி குறித்து அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியானவுடன் நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகின்றது. பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? மதிப்பெண் மிகுதியாகப் பெற்றவர்க்கு விஞ்ஞானம், குறைவாகப் பெற்றவர்க்கு வணிகவியல் என்று ஒரு வழக்கம் நாட்டில் ஊன்றிவிட்டது. இதற்கு நியாயம் யாதொன்றும் இல்லை. உழுபவரும் நெய்பவருமாகிய நமக்கோ இவ்வழக்கம் நேரான நட்டத்தையே விளைவிக்கின்றது. நூலைப் பெறுவதும் துணியை ஒப்படைப்பதும், கடன் வாங்குவதும் விளைச்சலை விற்று அக்கடனைத் தீர்ப்பதும் ஆகிய நம் வாழ்வின் ஒவ்வொரு நிலையும் பிறர் எழுதும் கணக்கைச் சார்ந்தே நடைபெறுகின்றது. அக்கணக்கைப் படித்தறிய வல்லார் ஒருவரேனும் வீட்டில் இல்லையாயின், அங்கத்தினர் என்ற பெயர் இருக்குமேயன்றி அங்கத்தினர்க்குரிய உரிமை கையில் இராது.

செஞ்சி வட்டாரத்திலுள்ள தளவானூரை நாம் அறிவோம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து சத்துருமல்லேசுவராலயம் என்னும் கோயிலை அமைத்தான். அச்செய்தியைக் கல்லிலேயே எழுதியும் வைத்தான். கல்லில் எழுதியது பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்கின்றது. அவ்வூரைச் சுற்றியுள்ள நிலங்களில் இன்று நடைபெறும் கொடுக்கல் வாங்கலோ காகிதத்தை விட்டுக் கணிப்பொறிக்கு மாறிக்கொண்டிருக்கின்றது. தளவானூரில் நிலக்கடலை பயிரிடும் ஓர் உழவர் குடும்பத்தையும், மேனிலைப் பள்ளியில் வணிகவியல் பயிலும் அக்குடும்பத்து மகளையும் இப்பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடும்பம் கற்பனையே; தொகைகளும் விளக்கத்தின் பொருட்டு இட்டவையே. ஆயினும் இதில் வரும் கணக்கு நம்மில் பலருடைய கணக்காகும்.

பள்ளியில் கற்பிப்பது யாது?

தொழிலையும் அலுவலகப் பயிற்சியையும் உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது புதுக் கருத்தன்று. நாடு விடுதலை பெற்றதை அடுத்த ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் பொதுப் பாடங்களுடன் செயலர் பணி, நெசவு, வேளாண்மை முதலிய சிறப்புப் பாடங்கள் வைக்கப்பட்டன. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி முறை தொடங்கியபோது வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொதுப் பிரிவில் இடம்பெற்றன. தொழிற்பிரிவில் அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவும் தணிக்கையும் போன்றவை வைக்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் அரசு பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்பு மாணாக்கர்க்கு மடிக்கணினி விலையின்றி வழங்கப்பட்டது. அத்திட்டம் நடைபெற்ற ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மாணாக்கர் கைக்குச் சென்றன. அவற்றுள் எத்தனை வீட்டுக் கணக்கு எழுதப் பயன்பட்டன என்று கேட்டால் பல வீடுகளில் சிரிப்புத்தான் விடையாகக் கிடைக்கும்.

2018, 2019-ஆம் ஆண்டுகளில் புதிதாக எழுதி வெளியிடப்பட்ட மேனிலைப் பாடநூல்களை அங்கத்தினர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் 'டாலி' என்னும் கணக்கு மென்பொருளைப் பற்றித் தனி இயலே உள்ளது. கணினிப் பயன்பாடுகள் என்னும் பாடத்தில் எழுத்துச் செயலி, விரிதாள், மின்வணிகம் ஆகியவை இடம்பெறுகின்றன. பாடத்தில் குறையில்லை. பாடத்தில் கற்பது ஒன்று, வீட்டில் நடப்பது வேறொன்று என்று மாணாக்கரும் பெற்றோரும் கருதிக்கொள்வதே குறை. இவ்விரண்டையும் ஒட்டவைப்பது எங்ஙனம் என்பதையே இனிக் காண்போம்.

பற்றும் வரவும்

வணிகக் கல்வியின் அடிப்படை இரட்டைப் பதிவு முறை. இம்முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல் இத்தாலி நாட்டுத் துறவியாகிய லூக்கா பசியோலி என்பார் 1494-ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளியிட்டதாகும். முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். வணிகர் வழக்கில் இருந்ததை அவர் எழுதி வைத்தார். நம் நாட்டு வணிகரிடத்தும் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் ஏடுகள் நெடுநாள் வழக்கில் இருந்தவையே. ஆதலின் இதனை மேல்நாட்டுச் சரக்கென்று அஞ்சி ஒதுக்க வேண்டுவதில்லை.

இம்முறையின் உயிர்நிலை ஒன்றே. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு கணக்குகளைத் தொடும். ஒன்றில் பற்று, மற்றொன்றில் வரவு. இரண்டும் ஒரே தொகை. இங்கேதான் நம் மக்கள் தடுமாறுகின்றனர். வீட்டு வழக்கில் 'வரவு' என்றால் கைக்கு வந்த பணம். 'செலவு' என்றால் கையை விட்டுப் போன பணம். கணக்குப்பதிவிலோ, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதுவர். ரொக்கம் வெளியே சென்றால் வரவு எழுதுவர். பதினோராம் வகுப்பில் முதல் மாதத்தில் இதைக் கேட்கும் மாணாக்கர், ஆசிரியர் மாற்றிச் சொல்லுகின்றாரோ என்று ஐயுறுவதுண்டு.

ஐயம் நீங்க ஒரு வழி உண்டு. சங்கத்தின் பாஸ் புத்தகத்தை எடுத்து வாருங்கள். அங்கத்தினர் ஒருவர் சங்கத்தில் தம் சேமிப்புக் கணக்கில் 2,000 ரூபாய் செலுத்துகின்றார். சங்கத்தின் ஏட்டில் ரொக்கக் கணக்குக்கு 2,000 ரூபாய் பற்று. பணம் தந்தவராகிய அங்கத்தினர் கணக்குக்கு 2,000 ரூபாய் வரவு. பாஸ் புத்தகத்தில் 'வரவு' என்று அச்சாவது இதுவே. அது சங்கத்துக்கு வந்த வரவைக் குறிப்பதன்று. 'இத்தொகையை உமக்குத் தர வேண்டியவராக நாங்கள் இருக்கின்றோம்' என்று சங்கம் எழுதிக் கொடுக்கும் வாக்கு. அதே நிகழ்ச்சியை அங்கத்தினர் வீட்டில் கணக்கு எழுதினால் அது தலைகீழாக நிற்கும்: சங்கத்தின் கணக்குக்குப் பற்று, வீட்டு ரொக்கத்துக்கு வரவு. கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தோன்றுவது போன்றது இது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்ட பிள்ளை, பாடநூலின் மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிட்டது என்று துணிந்து கூறலாம்.

கடனுக்கும் இதுவே. பயிர்க்கடனாக 30,000 ரூபாய் வருகின்றது என்க. வீட்டு ஏட்டில் ரொக்கத்துக்குப் பற்று 30,000. சங்கக் கடன் கணக்குக்கு வரவு 30,000. வருமானக் கணக்கு எதுவும் இங்கே தொடப்படவில்லை என்பதை நோக்குக. கைக்கு வந்த பணமெல்லாம் வருமானம் ஆகாது என்பதை எந்தப் பெரியவர் எடுத்துரைப்பதினும் இப்பதிவு தெளிவாகக் காட்டிவிடுகின்றது.

நிலக்கடலைக் கணக்கு

இனி நம் தளவானூர் மாணவியின் வீட்டுக்கு வருவோம். ஓர் ஏக்கர் நிலக்கடலைக்கு அவ்வீட்டில் ஆன செலவு: உழவுக்கு 6,000 ரூபாய், விதைக்கு 9,000, உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் 5,500, களையெடுப்பு, செடி பிடுங்கல் முதலியவற்றுக்கு ஆட்கூலி 14,500, ஆக 35,000 ரூபாய். சங்கக் கடன் 30,000. மிச்சம் 5,000 வீட்டுப் பணம். விளைச்சல் 9 குவிண்டால். குவிண்டாலுக்கு 6,200 ரூபாய் விலை கிடைத்து 55,800 ரூபாய் வந்தது. கடன் 30,000 ரூபாயையும் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்திவிட்டார்கள். தவணை தவறாமல் செலுத்துவோர்க்கு நம் மாநிலத்தில் பயிர்க்கடன் வட்டியின்றி அமைவதால், அவ்வகையில் செலவு ஒன்றும் இல்லை. கையில் நின்றது 25,800 ரூபாய்.

'இந்தப் பட்டத்தில் இருபத்தையாயிரத்துச் சொச்சம் இலாபம்' என்பார் தந்தை. மகள் பள்ளியில் கற்றபடி கணக்கெழுதினால் இலாபம் 55,800-இல் 35,000 போக 20,800 ரூபாயே ஆகும். முதலில் போட்ட வீட்டுப் பணம் 5,000 தந்தையின் நினைவில் கரைந்துவிட்டது. இஃது ஒருபுறம் இருக்க, தாய் அந்நிலத்தில் 40 நாள் வேலை செய்தாரே, அதற்குக் கூலி எங்கே எழுதப்பட்டது? நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று மதித்தாலும் 12,000 ரூபாய். அதனையும் கழித்தால் உண்மையில் மிஞ்சியது 8,800 ரூபாய். தாய்க்குக் கூலி ரொக்கமாகத் தரப்படவில்லையாதலின் பள்ளிப் பாட முறையில் அது செலவுப் பதிவில் வராது என்று ஆசிரியர் கூறுவார், அது சரியே. ஆயினும் அடுத்த பட்டத்தில் கடலையா உளுந்தா என்று முடிவு செய்யும் வேளையில் இவ்வெண்ணைத் தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத குடும்பம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பது குறித்து இந்நாட்டில் பேசப்படுவது மிகுதி. எழுதப்படுவதோ மிகக் குறைவு.

இக்கணக்கை விரிதாளில் இட்டால் பயன் பன்மடங்காகும். விரிதாள் என்பது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் இட்ட ஒரு பெரிய தாள். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய 'விசிகால்க்' என்னும் மென்பொருளே தனியாள் கணிப்பொறிக்கு வந்த முதல் விரிதாள். இன்று 'எக்செல்', விலையின்றிக் கிடைக்கும் 'லிப்ரே ஆபீஸ் கால்க்' முதலியவை வழக்கில் உள்ளன. ஒரு கட்டத்தில் எண்ணை இடுவதற்கு மாறாக, 'இந்நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகை' என்றோ, 'இக்கட்டத்தை அக்கட்டத்தால் பெருக்கி வருவது' என்றோ கட்டளையாக எழுதி வைக்கலாம். விலைக் கட்டத்தில் 6,200 என்பதை 5,600 என்று மாற்றிய மாத்திரத்தில் இலாபக் கட்டம் தானே மாறி 15,400 என்று நிற்கும். தாயின் உழைப்பைக் கழித்த கட்டம் 3,400 என்று காட்டும். குவிண்டாலுக்கு எந்த விலை வரை இறங்கினால் பயிர் கட்டும், எந்த விலைக்குக் கீழே கட்டாது என்பதை விற்பனைக் கூடத்துக்கு வண்டி கட்டும் முன்பே அறிந்துகொள்ளலாம். செலவு 35,000-ஐ 9 குவிண்டாலால் வகுத்தால் 3,889 ரூபாய். தாயின் உழைப்பையும் சேர்த்து 47,000-ஐ வகுத்தால் 5,222 ரூபாய். ஏலத்தில் விலை கேட்கப்படும்போது இவ்விரண்டு எண்களும் சட்டைப் பையில் இருப்பது, ஒரு பருவம் முழுவதும் கண் விழித்துக் காவல் காத்ததற்கு ஒப்பாகும்.

கணிப்பொறி செய்வதும் செய்யாததும்

1986-ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றியது 'டாலி'. அதில் வவுச்சரை ஒருமுறை பதிந்தால் போதும். பேரேட்டில் ஏற்றுவதும், இருப்பாய்வு எடுப்பதும், இருப்புநிலைக் குறிப்பு ஆக்குவதும் அதுவே செய்துவிடும். இதனால் காலம் மிச்சமாகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் கற்கும் பிள்ளைக்கு இதில் ஓர் இடர் உண்டு. நடுவில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. மூன்று மாதப் பயிற்சி, முடிவில் பொன்னிற முத்திரையிட்ட சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் சிறு நகரங்கள்தோறும் உள்ளன. அவற்றுள் நல்லவையும் உண்டு. எந்த விசையை எந்த வரிசையில் அழுத்துவது என்பதை மட்டும் மனப்பாடம் செய்வித்து அனுப்புபவையும் உண்டு. பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'கையால் ஒரு மாதக் கணக்கைப் பேரேடு வரை எழுதச் சொல்லுவீர்களா?' இல்லை என்று விடை வருமாயின் அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

ஏன் இவ்வாறு கண்டிப்பாகக் கூறுகின்றோம் என்றால், இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாகிவிட்டால் கணக்குச் சரி என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது தவறு. கூட்டலிலோ ஒரு பக்கம் விட்டுப்போனதிலோ ஏற்படும் பிழையைத்தான் இருப்பாய்வு காட்டும். ஓர் அங்கத்தினர் செலுத்திய கடன் தவணை, அதே பெயருடைய மற்றோர் அங்கத்தினர் கணக்கில் ஏறிவிட்டதாகக் கொள்வோம். ரொக்கம் பற்று, அங்கத்தினர் வரவு. இரு பக்கமும் சமம். கணிப்பொறி ஒரு குறையும் கூறாது; சங்கத்தின் மொத்தக் கணக்கில் ஒரு காசும் மாறாது. செலுத்தியவரோ தவணை தவறியவராவார். வட்டிச் சலுகையையும் இழப்பார். இப்பிழையைக் கண்டுபிடிக்க வல்லவர் உலகத்தில் ஒருவர்தான் உள்ளார்: ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தம் கணக்கு விவரத்தை வரிவரியாகப் படித்துப் பார்க்கும் அந்த அங்கத்தினர். கோவிந்தனும் ஏழுமலையும் முருகனும் தெருவுக்கு மூவர் இருக்கும் நம் பக்கத்தில் அங்கத்தினர் எண்ணைப் பார்ப்பது பெயரைப் பார்ப்பதினும் இன்றியமையாதது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரன் வரை வைத்துப் பெற்ற நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அப்போது 48 இலட்சத்து 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடன்களின் விவரங்கள் குடும்ப அட்டை எண், ஆதார் எண் முதலியவற்றைக் கொண்டு கணிப்பொறி வழியாக ஒப்பிட்டு ஆராயப்பட்டன. அவற்றுள் தள்ளுபடிக்குத் தகுதி பெற்றவை ஏறத்தாழ 13 இலட்சத்து 47 ஆயிரம் கடன்களே. ஒரே குடும்பத்தில் பலர் பெயரில் பெற்றவையும் பிறவும் விலக்கப்பட்டன. அரசு ஒன்று தன் உதவியை யாருக்குத் தருவது என்பதை இவ்வளவு பெரிய அளவில் பதிவு செய்த விவரங்களைக் கொண்டு தீர்மானிக்குமாயின், அவ்விவரம் பிழையின்றிப் பதிவாகியிருக்க வேண்டுவது எவ்வளவு அவசியம் என்பது கூறாமலே விளங்கும். குடும்ப அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அது வேறொரு குடும்பத்தின் எண்ணாகிவிடும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. 1904-இல் திரூரில் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் ஏற்பட்ட காலத்திலிருந்து மைக்கூடும் பேரேடுமாக நடந்து வந்த இயக்கத்திற்கு இது பெரிய மாற்றம். பழைய ஏட்டிலிருந்து புதிய கருவிக்குக் கணக்குகளை மாற்றும் அந்த நாள், பிழை புகுவதற்கு மிக வாய்ப்பான நாள். தம் சங்கத்தில் அம்மாற்றம் நடக்கும்போது ஒவ்வோர் அங்கத்தினரும் பங்குத் தொகை, சேமிப்பு, கடன் நிலுவை ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்றுப் பழைய பாஸ் புத்தகத்துடன் ஒத்துப்பார்த்தல் வேண்டும். மேனிலை வகுப்பில் பயிலும் பிள்ளைகளை இப்பணிக்குத் தக்க பயிற்சியாகவே கொள்ளலாம். தம் வீட்டுக்கு மட்டுமன்றி, எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும் அவர்கள் படித்துக் காட்டலாம்.

நெசவாளர் நூற்கணக்கு

நெசவாளர் இல்லத்துக் கணக்கில் ரூபாயினும் கிராமே முதலில் நிற்கும். சங்கம் பாவும் ஊடையுமாக 12,000 கிராம் நூல் தருகின்றது என்க. நெய்து ஒப்படைத்த துணி 20. ஒவ்வொன்றும் 580 கிராம். ஆக 11,600 கிராம். திருப்பித் தந்த மிச்ச நூல் 150 கிராம். சேதாரமாக நூற்றுக்கு 2 வீதம் ஒப்புக்கொண்டால் 240 கிராம். இம்மூன்றும் சேர்ந்து 11,990. குறைவு 10 கிராம். இது விரிதாளில் ஒரே வரி. மாணாக்கர் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே எண்ணுக்குள் அடங்காத சில உண்டு. பாவுக்குக் கஞ்சி போட்டால் எடை கூடும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் கார்த்திகை அடைமழையில் நிறுத்த நூலும் சித்திரை வெயிலில் நிறுத்த நூலும் ஒரே எடை காட்டா. நூலை வெயிற்காலத்தில் பெற்று மழைக்காலத்தில் துணி ஒப்படைப்பவர்க்குச் சேதாரம் இல்லாதது போலத் தோன்றும். மாறி நடந்தால், கை சுத்தமான நெசவாளரும் குறைவு வைத்தவராகத் தோன்றுவார். ஆகவே விரிதாளில் எடைக் கட்டத்துக்கு அருகில் நிறுத்த தேதி, கஞ்சி போட்டதா இல்லையா என்னும் குறிப்பு ஆகிய இரு கட்டங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கணிப்பொறி அவற்றைக் கேட்காது. தறியின் அருகே வளர்ந்த பிள்ளைதான் அவற்றைச் சேர்க்கத் தெரிந்த பிள்ளை. நகரத்து மாணாக்கரினும் நம் மக்களுக்கு இக்கல்வியில் ஒரு மேன்மை உண்டென்று நாம் கருதுவது இதனால்தான்.

தட்டச்சும் பெயரெழுத்தும்

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா அமைத்த விசைப்பலகையினால் தமிழ்த் தட்டச்சுப் பொறி நாடெங்கும் பரவியது. அதைக் கொண்டு தட்டச்சுப் பயின்று அலுவலகங்களில் அமர்ந்தவர் பல்லாயிரவர். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டிக் கணிப்பொறிக்கென 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்பட்டது. உயிரெழுத்துக்கள் இடப்புறமும் மெய்யெழுத்துக்கள் வலப்புறமும் அமைந்த இப்பலகையைச் சில வாரங்களில் கற்கலாம். ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழை வரவழைக்கும் வழக்கத்தில் பிள்ளைகள் விழுந்துள்ளனர். எழுதுவது விரைவாக இருக்க வேண்டுமாயின் அதை விடுவது நன்று. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகளில் இளநிலை, முதுநிலை இரண்டும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உண்டு. அரசுத் தட்டச்சர் பதவிகளுக்கு இவை இன்றும் வேண்டப்படும் தகுதிகளாகும். அலுவலகக் கணிப்பொறிப் பயிற்சிக்கும் அவ்வியக்ககம் தனித் தேர்வு நடத்துகின்றது.

பெயரெழுத்துப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். ஒன்றில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பெயர் மூன்று வகையாகும். மனிதர்க்கு மூன்றும் ஒருவரே, கணிப்பொறிக்கு மூவர். பாஸ் புத்தகம், குடும்ப அட்டை, ஆதார், நிலப் பட்டா ஆகிய நான்கிலும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒரு தாளில் பட்டியலிடச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்பு மாணாக்கர் செய்யத்தக்க முதல் அலுவலகப் பயிற்சி இதுவே. வேறுபாடு தென்பட்டால் அவசரம் வருமுன் திருத்திக்கொள்ளலாம்.

கைப்பேசியில் பணம் அனுப்பும் முறை 2016-ஆம் ஆண்டு முதல் பரவியுள்ளது. இதில் பிள்ளைகளே பெற்றோர்க்கு ஆசிரியர். ஒருமுறை கடவெண்ணை வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் எவருக்கும் சொல்லலாகாது என்பதையும், பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டுவதில்லை என்பதையும் அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்குத் தெளிவாக உணர்த்த வேண்டும். ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் அறிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகுதி.

மேற்கொண்டு படிப்போர்க்கு

மேனிலைத் தேர்வில் தேறியபின் கூட்டுறவுத் துறையில் பணிபுரிய விரும்புவோர், தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் சார்பில் நடைபெறும் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் பட்டயப் பயிற்சி பெறலாம். அதில் கூட்டுறவுச் சட்டம், கணக்குப்பதிவு, தணிக்கை ஆகியவற்றுடன் கணிப்பொறிப் பயிற்சியும் நகை மதிப்பீடும் சேர்ந்துள்ளன. கல்லூரிக்குச் செல்வோரில், அரசு பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் கீழும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழும் மாதம் 1,000 ரூபாய் உதவி ஏற்பட்டது. வணிகவியல் பயின்ற பெண் திருமணத்தோடு ஏட்டை மூடிவிடுகிறாள் என்று குறை கூறுவோர் உள்ளனர். எந்த வீட்டுக்குச் சென்றாலும் அங்கும் ஒரு பாஸ் புத்தகம் இருக்கும் அல்லவா?

சங்கங்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை ஒருவர் வேகமாகப் படிக்க, 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று கூறி நகர்வதே பெரும்பாலும் வழக்கம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவ்வறிக்கையின் படியை அங்கத்தினர் வீட்டு மேனிலை மாணாக்கர் சிலரிடம் கொடுத்து, விளங்காத இடங்களைக் குறித்துவரச் செய்து, செயலாளர் அவர்களுடன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசலாம். மாணாக்கர்க்குப் பாடநூலில் இல்லாத பாடம் கிடைக்கும். செயலாளர்க்கும் சில வேளைகளில் கிடைக்கும்.

பயிற்சி

கீழ்க்காண்பவற்றைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதி, பெற்றோர்க்கு விளக்கிச் சொல்க.

மேலே கூறிய பயிர்க்கடன் 30,000 ரூபாயில் 24,500 ரூபாய் ரொக்கமாகவும் 5,500 ரூபாய்க்கு உரமாகவும் சங்கத்திலிருந்து கிடைத்தது. உரம் வந்த அன்று வீட்டில் ரொக்கம் வரவும் இல்லை, போகவும் இல்லை. அன்றைய பதிவில் எந்தக் கணக்குக்குப் பற்று, எந்தக் கணக்குக்கு வரவு? ரொக்கத்தை மட்டும் நோட்டில் எழுதிவரும் தந்தையின் கணக்கில் இவ்வுரம் எங்கே காணப்படும்? கடனைத் திருப்பிச் செலுத்தும் நாளில் அவர் எத்தனை ரூபாய் என்று எதிர்பார்த்துச் செல்வார். சங்கம் எத்தனை ரூபாய் கேட்கும்?